வழியனுப்பப் போய் வானம் பார்த்தோம்

"பதினாலு டிக்கெட். பெரியவங்க பன்னெண்டு, சின்னது ரெண்டு" என்றார் என் சின்ன மாமா, கோளரங்கத்து டிக்கெட் ஜன்னலுக்குள் தலையை விட்டபடி.

உள்ளே இருந்த பெண் நிமிர்ந்து எங்களை ஒருமுறை பார்த்தார். பட்டுப் புடவை கட்டித் தலை நிறையப் பூ வைத்த பெண்கள் ஐந்து பேர். மடிப்புக் கலையாத வேட்டியில் நான்கு ஆண்கள். கழுத்தில் பாஸ்போர்ட் பை தொங்க ஒருவர். அவருக்குப் பக்கத்தில் முறுக்கு டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான். மணி காலை பத்துகூட ஆகவில்லை.

"கல்யாண வீட்டுக்காரங்களாங்க?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"இல்லைம்மா, பிளேன் லேட்டு" என்றார் சின்ன மாமா.

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. திருச்சி விமான நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிறவர். எங்களைப் போல எத்தனை கூட்டத்தைப் பார்த்திருப்பாரோ. தமிழ்க் காட்சி தொடங்க நேரம் இருக்கிறது, அதுவரை தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள் என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

சின்ன மாமா அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டு என்றால் எண்ணாமல் அவருக்கு ஓடாது. எண்ணி முடித்ததும் எங்கள் பக்கம் திரும்பி, "ரைட், போகலாம்" என்றார்.

இது நடந்து நாலைந்து வருஷம் இருக்கும். அந்தப் பதினான்கு பேரில் ஒருவர்கூட அன்று வானம் பார்க்கக் கிளம்பியவர் இல்லை. என் வீட்டுக்காரரை வளைகுடாவுக்கு விமானம் ஏற்றிவிடக் கிளம்பியவர்கள்.

டிராயருக்குள் கிடந்த போன்

தப்பு என்னுடையதுதான். மற்றவர்கள் எழுதினால் இதை மறைப்பார்கள். நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கடையைப் பற்றிப் போன வாரங்களில் எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி: ஆலங்குடி கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்று பெயரே தவிர, பாஸ்போர்ட்டுக்கு எழுதுவது, விமான டிக்கெட் போடுவது, பட்டா எடுப்பது என்று சகலமும் அங்கேதான். சுற்றுவட்டத்தில் பாதி வீட்டு ஆண்களை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தது என் கம்ப்யூட்டர்தான் என்று கடை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்கள் சொல்வார்கள்.

டிக்கெட் போட வருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் ஒரு புத்திமதி உண்டு. உங்கள் கையில் இருக்கிற போன் நம்பரைக் கொடுங்கள், விமானம் தாமதமானால் அதற்குத்தான் மெசேஜ் வரும் என்பேன். என் வீட்டுக்காரருக்கு டிக்கெட் போடும்போது நான் கொடுத்தது கடை நம்பர். அந்தப் போன் கடை மேஜை டிராயருக்குள் பூட்டிக் கிடந்தது. விமானம் சாயங்காலம்தான் என்ற சேதி முந்தின நாளே அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஊருக்கு உபதேசம் என்பது இதைத்தான்.

நாங்கள் விடியற்காலையில் ஆலங்குடியில் வேன் ஏறி, புதுக்கோட்டை, கீரனூர் தாண்டி, விமான நிலைய வாசலில் இறங்கி, பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அழுகிறவர்கள் அழ ஆரம்பித்த பிறகுதான் வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இது சாயங்காலமுல்ல போகுது?" என்றார்.

அழுதுகொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் முறுக்கு டின்னைப் பார்த்தேன்.

திரும்பக் கூடாத கால்

ஒன்றரை மணி நேரத்தில் வீடு. போய்ப் படுத்துவிட்டு மத்தியானம் மறுபடி வந்தால் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். வேன் டிரைவர் முருகேசு வண்டியைத் திருப்பியும் விட்டார்.

"வண்டிய நிப்பாட்டு" என்றார் என் அத்தை.

அத்தை என்றால் என் வீட்டுக்காரரைப் பெற்றவர். எங்கள் வீட்டின் சட்டப் புத்தகம். பிள்ளையாருக்குச் சூறைத்தேங்காய் உடைத்துக் கிளம்பியாயிற்று. சொல்லிக்கொண்டாயிற்று. கிளம்பின கால் காரியம் முடியாமல் வாசப்படிக்குத் திரும்பக் கூடாது. இது ஒன்றும் அவர் கண்டுபிடித்த சட்டம் இல்லை. கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்தவர்கள்கூட மங்கலான கண்ணோடு துபாய் போய் இறங்கியிருக்கிறார்கள் எங்கள் பக்கத்தில்.

அதோடு இன்னொரு சட்டமும் உண்டு. கிளம்புகிறவரிடம் போகாதே என்று சொல்லக் கூடாது. வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் அது போகிறவர் காலில் கட்டின கல்.

அந்த இரண்டாவது சட்டத்தில்தான் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷமாக அவர் போய்ப் போய் வருகிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. அந்த நாற்பது நாளும் வீட்டில் கல்யாணக் கூட்டம்தான். இந்த முறை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்தேன். இதோடு போதும், வந்துவிடுங்கள் என்று. அவ்வளவுதான் சேதி. நாற்பது நாளும் அது என் தொண்டைவரை வந்து வந்து திரும்பிப் போனது. கடையில் ஒரு நாளைக்கு நூறு பேரிடம் வாய் ஓயாமல் பேசுகிறவள் நான்.

சொன்னால் அத்தைக்குப் பிடிக்காது என்பது பாதிப் பயம். எங்கள் வீட்டுக்கு மேல் மாடி கட்ட வேண்டும் என்பது அத்தையின் ஆசை என்று ஊரே பேசிக்கொண்டது. தூண் எழுப்பிக் கம்பி நீட்டி விட்டாயிற்று. மீதிக்குத்தான் இந்தப் பயணம். போகிற நேரத்தில் மகன் மனதைக் கலைத்த மருமகள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

கை காட்டிய விமானங்கள்

ஏன் பதினான்கு பேர் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கம் இது குறைச்சல். முதல் பயணத்தின்போது வேனில் இருபத்திரண்டு பேர் போனோம். போகிறவர் மடியில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு வந்தார்.

வழியனுப்புவது என்பது வாசலோடு முடிவதும் இல்லை. உள்ளே போன பிறகு கூட்டம் வெளியே வந்து, மதில் ஓரமாகச் சாலையில் நிற்கும். விமானம் மேலே ஏறும்போது எல்லோரும் சேர்ந்து கை காட்டினால்தான் வந்த வேலை முடிந்த மாதிரி. ஒரு தடவை இப்படித்தான் பெரிய விமானம் ஒன்று தலைக்கு மேல் போக, நாங்கள் கை வலிக்கிற மட்டும் ஆட்டினோம். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்போது என் போன் அடித்தது. அவர்தான். இன்னும் உள்ளே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், இங்கே டீ நன்றாக இல்லை என்றார். நாங்கள் கை காட்டியது கொழும்பு விமானத்துக்கு என்று பிறகு டீக்கடைக்காரர் சொன்னார். அந்த விமானத்தில் போனவர்கள் யாரோ, அவர்களும் நன்றாக இருக்கட்டும்.

அன்றைக்கு, வீட்டுக்கும் போகாமல் விமானமும் ஏறாமல் நின்ற எங்களுக்கு வழி சொன்னது என் மகள் யாழினி. ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கோளரங்கத்துக்கு டூர் கூட்டி வந்த அன்று இவளுக்குக் காய்ச்சல். அதைச் சொல்லி ஒரு வருஷமாகக் குறைபட்டுக்கொண்டிருந்தவள், வரும் வழியில் பலகையைப் பார்த்து வைத்திருக்கிறாள். அங்கே போகலாம் என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அது வீடு இல்லையே, போகலாம்" என்று சட்டப் புத்தகமும் அனுமதி கொடுத்தது.

நிலாவில் ஐந்து கிலோ

கோளரங்கத் தோட்டத்தில் ஒரு எடை மிஷின் இருந்தது. ஏறி நின்றால் நிலாவில் நம் எடை எவ்வளவு என்று காட்டும். பிள்ளைகள் இரண்டும் ஏறி இறங்கினார்கள். சின்ன மாமா மிஷினைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு வேனுக்குப் போய், முருகேசுவோடு சேர்ந்து வீட்டுக்காரரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்தப் பெட்டியால் இரண்டு நாளாக வீட்டில் சண்டை. முப்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஆலங்குடி கடலை மண்டித் தராசில் நிறுத்துப் பார்த்து, ஊறுகாயை எடு, பொடியை வை என்று மாற்றி மாற்றி அடுக்கி, கடைசியில் முறுக்கு டின்னை வெளியே எடுத்த பிறகுதான் முள் கீழே வந்தது. அந்த டின் எப்படியும் கையில் போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் நான் அதைச் சுமந்துகொண்டிருந்தேன்.

நிலாவில் அந்தப் பெட்டி ஐந்து கிலோ இருந்தது.

"பாத்தியா சுமதி? நீ நிலாவுக்கு டிக்கெட் போட்டிருந்தா டின்னையும் உள்ள வச்சிருக்கலாம்" என்றார் சின்ன மாமா. காலையிலிருந்து என்னைத் திட்டாமல் இருந்தவர் அதற்குப் பதிலாகச் சொன்னது அது ஒன்றுதான்.

பிறகு எல்லோரும் வரிசையாக ஏறினோம். அத்தையை இரண்டு பேர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டோம். எண்ணைப் பார்த்த யாழினி, நிலாவில் நீங்கள் ஒரு ஆட்டுக்குட்டிதான் என்று அவருக்கு விளக்கினாள். அத்தை ரொம்ப யோசனையோடு கீழே இறங்கினார்.

"அப்ப அங்கிட்டுப் போனா முட்டி வலிக்காதுல்ல?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தோம். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். விமானம் ஏற இன்னும் ஆறேழு மணி நேரம்தான் இருந்தது.

இருட்டு

உள்ளே வட்டமான மண்டபம். குடத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி வெள்ளைக் கூரை. சாய்ந்து படுக்கிற நாற்காலிகள். குளிர் எலும்பைத் தொட்டது. சின்ன மாமா வழக்கப்படி நடுவில் நின்று தலைகளை எண்ணினார். பதினான்கு சரியாக இருந்தது.

உட்கார்ந்த வரிசையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் இடது பக்கம் யாழினி. வலது பக்கம் என் வீட்டுக்காரர். அவருக்கு அந்தப் பக்கம் அத்தை. இது எனக்குத் தானாக அமைந்த அதிர்ஷ்டம். நாற்பது நாளில் முதல் தடவையாக, யாரும் எங்களைப் பார்க்க முடியாத ஓர் இருட்டு வரப்போகிறது, அதுவும் அவருக்குப் பக்கத்தில்.

விளக்குகள் மெதுவாக மங்க ஆரம்பித்தன. கூரையின் ஓரத்தில் சூரியன் இறங்கியது. அந்த நேரம் பார்த்து யாழினி டின்னைத் திறக்கிற சத்தம் கேட்டது. உள்ளே தின்னக் கூடாது என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். நான் இடது பக்கம் திரும்பி, டின்னைப் பிடுங்கி, மூடி, காலுக்கடியில் தள்ளி, அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மண்டபம் மையிருட்டாகிவிட்டது.

மேலே ஒவ்வொன்றாக நட்சத்திரம் முளைத்தது. கூட்டம் மொத்தமும் "ஓ" என்றது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

வலது பக்கம் கையை நீட்டி, அங்கே இருந்த கையைப் பிடித்தேன். அந்தக் கை காய்த்துப்போய், விரல் நுனியெல்லாம் சொரசொரவென்று இருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே ஸ்டோர் கீப்பர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் அந்த லீவில் கொல்லைக்கு அவரே கம்பி வேலி போட்டார். அதில் கை இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது. அழுகை வந்ததும் வாயும் திறந்துகொண்டது.

"ஏங்க, இதோட போதும். ரெண்டு வருசம் முடிஞ்சதும் வந்துருங்க" என்று கிசுகிசுத்தேன். "ஒங்க அம்மா ஆசைப்பட்டாங்கன்னு மாடி மாடின்னு அங்கயே கெடக்காதீங்க. மாடி கட்டி யாரு ஏறப் போறா? அவங்களுக்கே முட்டி வலி."

அந்தக் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் காட்சியை ரசித்துப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சனியின் வளையம் தலைக்கு மேல் சுற்றியது. நாம் பார்க்கிற இந்த வெளிச்சம் எப்போதோ அங்கிருந்து கிளம்பியது, வழியில் எங்கேயும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது என்று விளக்கினார்கள். கிளம்பினால் திரும்பக் கூடாது என்பது நட்சத்திரத்துக்கும் சட்டம்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். மனசு லேசாக இருந்தது. அப்போது மிஷினில் ஏறியிருந்தால் நிலாவில் என் எடை பூஜ்யம்தான் காட்டியிருக்கும்.

கடைசியில் கூரையின் கிழக்கு ஓரம் வெளுத்தது. பொழுது விடிகிற மாதிரி வெளிச்சம் பரவியது. நான் வலது பக்கம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

அத்தை உட்கார்ந்திருந்தார்.

ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது என்று அவர் சொல்ல, விளக்கு அணைகிற நேரத்தில் அம்மாவும் மகனும் இடம் மாறியிருக்கிறார்கள். நான் முறுக்கு டின்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷத்தில். நான் பிடித்திருந்தது முந்திரிக்கொட்டை வறுத்து உடைத்து, அந்த எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்துக் காய்த்துப்போன கை.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை மட்டும் இன்னும் விடவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று நினைத்தேன். கோளரங்கத்தில் பூமியை எல்லா விதமாகவும் காட்டுகிறார்கள், பிளந்து மட்டும் காட்டுவதில்லை.

முட்டி வலி

வெளியே மர நிழலில் உட்கார்ந்து கட்டி வந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். என் பங்கைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். அத்தை நன்றாகச் சாப்பிட்டார். பெட்டியிலிருந்து எடுத்த ஊறுகாய் எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் முகத்திலிருந்து ஒரு எழுத்துகூட என்னால் படிக்க முடியவில்லை. எத்தனையோ மங்கலான பத்திரங்களைப் படித்துத் தட்டச்சு செய்தவள் நான்.

இப்போதே வீட்டுக்காரரிடம் சொல்வாரோ, ஊருக்குப் போய்ப் பஞ்சாயத்து வைப்பாரோ, இல்லை, ஆயுசு முழுக்க மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வார்த்தை சொல்வாரோ? மூன்றாவதற்குத்தான் நான் ரொம்பப் பயந்தேன்.

பிற்பகலில் மறுபடி விமான நிலைய வாசல். காலையில் பாதியில் நிறுத்தியவர்கள் விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினார்கள். வீட்டுக்காரர் அம்மாவின் காலைத் தொட்டு நிமிர்ந்தார். அத்தை அவர் நெற்றியில் திருநீறு பூசினார். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். இந்த முறை அவர் கையைக் கீழே இறக்கவில்லை.

"தம்பி, எனக்கு முட்டி வலி. மாடியெல்லாம் என்னால ஏற முடியாது. அதை நெஞ்சுல வச்சுக்க" என்றார்.

வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தைலம் வாங்கி அனுப்பவா என்று கேட்டார். அத்தை அதைக் காதில் வாங்காமல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, எல்லாரும் வாங்க, டீ குடிக்கலாம் என்றார். பிளேன் ஏறுகிற நேரத்தில் என்ன டீ என்று சின்ன மாமா ஆரம்பித்தார். அத்தை பார்த்த பார்வையில் அவர் "ரைட், ரைட்" என்று முன்னால் நடந்தார். யாழினியைக்கூட விடவில்லை. பன்னிரண்டு பேரும் போய்விட்டார்கள்.

விமான நிலைய வாசலில் நானும் அவரும் மட்டும் நின்றோம். பதினோரு வருஷத்தில் அங்கே எங்களுக்குக் கிடைத்த முதல் தனிமை அது. இருட்டு இல்லை, பட்டப்பகல்.

சொன்னேன். இருட்டில் சொன்னதை அப்படியே சொன்னேன். அதை முதலில் யாரிடம் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

அவர் தள்ளுவண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்.

"அம்மா என்னா சொல்லுச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. கைய விடல."

"சரி" என்றார். உள்ளே போய்விட்டார். முறுக்கு டின்னும் போய்விட்டது.

ஒரு 'சரி'யும் இரண்டு வருஷமும்

என் வீட்டுக்காரரின் 'சரி'யை உங்களுக்குத் தெரியாது. சாம்பாரில் உப்பு இல்லை என்றாலும் சரி. பக்கத்து வீட்டுக்காரர் வேலியை அரை அடி தள்ளிப் போட்டாலும் சரி. அதில் இது எந்தச் சரி என்று இரண்டு வருஷம் நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். வீடியோ காலில் எல்லோரும் கூடி நிற்கும்போது அதைக் கேட்கவும் முடியாது. அவராகவும் சொல்லவில்லை.

அத்தையும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மாடிப் பேச்சையும் எடுக்கவில்லை. கொத்தனார் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனார். அது கெடக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் நான் துணி காயப் போடக் கயிறு கட்டினேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள், கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில், அவரிடமிருந்து டிக்கெட் வந்தது. லீவு டிக்கெட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வருவதற்கு ஒரு தேதி, திரும்பிப் போவதற்கு ஒரு தேதி, இரண்டும் சேர்ந்துதான் இருக்கும். ஆயிரம் டிக்கெட் பார்த்த கண். இதில் வருகிற தேதி மட்டும் இருந்தது. அடுத்த பக்கம் இருக்கிறதா என்று கீழே தள்ளிப் பார்த்தேன். அடுத்த பக்கமே இல்லை.

பிரிண்ட் எடுத்தேன். எனக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, இரண்டும் கலரில். என் கடையில் எனக்காகக் கலர் பிரிண்ட் எடுத்தது அதுதான் முதல் தடவை. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அத்தையிடம் நீட்டினேன். முந்திரி உடைத்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது.

"என்னா போட்டிருக்கு?"

"வர்றது மட்டுந்தான் போட்டிருக்கு அத்தை."

அவர் அதை நாலாக மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி முந்திரி உடைக்க உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதேன்.

ஐந்து டிக்கெட்

அவர் வந்து இறங்கிய அன்று வேன் இல்லை. முருகேசுவின் காரில் சின்ன மாமா, அத்தை, யாழினி, நான். பெட்டியை ஏற்றிப் புதுக்கோட்டை ரோட்டில் திரும்பியதும் அத்தை மறுபடி வண்டியை நிப்பாட்டச் சொன்னார்.

"அந்த வானத்தைக் காட்டுற எடத்துக்கு விடு" என்றார்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வழியில் எங்கேயும் நிற்காமல் நேரே வீட்டுக்குப் போய் ஆரத்தி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அத்தை போட்ட சட்டம்தான். அதைச் சின்ன மாமா எடுத்துச் சொன்னார். வீடு எங்கேயும் ஓடிப் போகாது என்றார் அத்தை.

டிக்கெட் ஜன்னலில் சின்ன மாமா ஐந்து விரலைக் காட்டிவிட்டு, "இந்தத் தடவை பிளேன் சரியான நேரத்துக்கு வந்துருச்சும்மா" என்று சொன்னார். உள்ளே இருந்தது வேறு பெண். பாவம், ஒன்றும் புரியாமல் சிரித்து வைத்தார்.

மண்டபத்துக்குள் யார் எங்கே உட்கார வேண்டும் என்று அத்தையே சொன்னார். நானும் வீட்டுக்காரரும் ஒரு வரிசையில். யாழினி சின்ன மாமாவோடு அந்தப் பக்கம். தான் எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால், தனியாக. ஏன் அத்தை அங்கே என்று கேட்டேன்.

"எவளாச்சும் வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா, என்னால தாங்க முடியாது" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து வாயைத் திறந்து அவர் சொன்னது அது ஒன்றுதான்.

விளக்கு மங்கியது. நான் வலது பக்கம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு கையை நீட்டினேன். என் வீட்டுக்காரரின் கை. பதின்மூன்று வருஷம் ஸ்டோர் கணக்குப் பார்த்த கை. பஞ்சு மாதிரி இருந்தது. அவர் தூரத்தில் கிடந்து கஷ்டப்படுகிறார் என்று அத்தனை வருஷம் அழுதவள் நான். அது பொய் இல்லை, அவர் பட்ட தனிமை எனக்குத் தெரியும். ஆனால் காய்த்துப்போன கை எங்கள் வீட்டிலேயே இருந்தது. தினமும் எனக்கு எதிரில் உட்கார்ந்து முந்திரி உடைத்தது. அதை ஒரு நாளும் நான் பிடித்துப் பார்த்ததில்லை, இருட்டில் தப்பாகப் பிடித்த அந்த ஒரு தடவையைத் தவிர.

இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. வீட்டுக்காரரிடம் இதோ வருகிறேன் என்றேன். சரி என்றார்.

எழுந்து, குனிந்தபடி, இரண்டு வரிசை பின்னால் போய் அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தேன். நான் உட்காரவும் மையிருட்டு வரவும் சரியாக இருந்தது. கையைத் தேடிப் பிடித்தேன். அதே சொரசொரப்பு.

"ஏத்தா, எடம் மாறி வந்துட்ட. அவன் முன்னால இருக்கான்" என்று கிசுகிசுத்தார் அத்தை.

"தெரியும் அத்தை. பாத்துதான் வந்தேன்."

மேலே முதல் நட்சத்திரம் முளைத்தது. அத்தை மெதுவாகக் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை.